தீட்டச் சொன்னதும் தீட்டியதும்

அந்தக் காலத்தில் நெல்லுக்கு உமி கிடையாது. கதிரில் நிற்கும்போதே அது அரிசிதான். வெள்ளை வெளேரென்று, உடம்பில் ஒரு நூல் துணி இல்லாமல் வெயிலில் நின்றது. அப்போது மரம் பேசும், கோழி பேசும், நெல்லும் பேசும். நின்று கேட்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

சாத்தையன்தான் நின்று கேட்கிற ஆள் இல்லை.

அவன் சாயக்காரன். கண்மாய்க்கரையை ஒட்டி வீடு. வீட்டைச் சுற்றிச் சாயத் தொட்டிகள். முழங்கை வரைக்கும் நீலமும் சிவப்பும் ஏறிப்போன கைகள். நூலை நனைப்பான், பிழிவான், கொடியில் விரித்துப் போடுவான், அது சொட்டி முடிவதற்குள் அடுத்த தொட்டிக்கு ஓடுவான். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவான். சாத்தையன் நிழல் அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

முன்பு அது வேலைச் சுறுசுறுப்பு. மருதாயிக்குக் கால் வீங்கின பிறகு அது வேறு ஏதோ ஒன்றாகிவிட்டது.

மருதாயி அவன் மனைவி. முதலில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு எறும்பும் ஊரவில்லை, தரையும் தெரியவில்லை என்றாள். அப்புறம் வீக்கம் வந்தது. விரலால் அமுக்கினால் அமுக்கின குழி அப்படியே நின்றது. அந்த ஊரில் அது புது நோய் இல்லை. பாதத்தில் தொடங்கும், முழங்காலுக்கு ஏறும், இடுப்பைத் தாண்டினால் நெஞ்சில் மூச்சு முட்டும். அதைத் தாண்டிப் பிழைத்தவர்களை யாரும் பார்த்ததில்லை. மருதாயிக்கு வீக்கம் முழங்காலைத் தொட்டிருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அவள் அக்கா ஒச்சம்மா வந்திருந்தாள். வயல்வேலை செய்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். உலக்கையைக் கையில் எடுத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி இடிப்பாள், பேசினாலும் அப்படித்தான். மருதாயி படுத்திருந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு கோழியும் காலை மடக்கிக் கிடந்தது. அதற்கும் அதே நோய். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே அரிசியைத்தானே தின்றார்கள்.

"இந்தாருங்க, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்களேன்" என்றாள் மருதாயி.

"வந்துட்டேன், வந்துட்டேன். தொட்டியில நூலு கெடக்கு."

"நூலு எங்கயும் ஓடிப் போகாது."

"நூலு போகாது, தம்பிதான் போவாரு" என்றாள் ஒச்சம்மா அடுப்படியிலிருந்து.

அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். மருந்து தேடிப் போகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். மருந்தைத் தேடினானா, அந்தக் கால்களைப் பார்க்காமல் இருக்க ஓர் இடம் தேடினானா என்று யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் அவனுக்கே பதில் தெரிந்திருக்காது. அவனை நிறுத்தத்தான் யாராலும் முடியவில்லை.

வயல் வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது நெல் கூப்பிட்டது.

"சாயக்காரா, நில்லு."

"நேரமில்லை."

"எங்க போறே?"

"எங்கயும் இல்லை. சும்மா போறேன்."

"சும்மா போறவனுக்கா நேரமில்லை?" என்றது நெல். "உன் பெஞ்சாதி கால் வீங்கினதுக்குக் காரணம் நான்தான்."

அவன் நின்றான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். ஆனாலும் நின்றான்.

"காலையிலயும் ராத்திரியும் என்னைத்தானே திங்கிறீங்க. எங்கிட்ட என்ன இருக்குன்னு நெனைக்கிறே? உச்சி வெயில்ல வெறும் மேலோட நிக்கிறேன். வெயில் உறிஞ்சினது போக மிச்சத்தைப் பூச்சி உறிஞ்சுது. வயித்தை ரொப்புறதுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் மிஞ்சுது. எனக்கே இல்லாத தெம்பை உங்களுக்கு எங்கேருந்து கொடுக்கறது?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"கரையில அந்த நாவல் மரத்தைப் பாரு. அதே வெயில்தான் அதுக்கும். ஆனா பழத்தைச் சுத்திக் கறுப்பா ஒரு தோலு. வெயில் அதுக்குள்ள நுழைய மாட்டேங்குது. பூச்சி கடிச்சா நாக்குச் சுருங்கி ஓடுது. எனக்கும் அந்த மாதிரி ஒரு உடுப்புப் போட்டு விடு. நீ சாயக்காரன்தானே?"

"துணிக்குத்தான் சாயம் போடுவேன். கொதிக்கிற தொட்டியில உன்னைப் போட்டா நீ சோறாயிருவியே."

"அது உன் பாடு. விதைக்குப் போடு. விதை உடுத்திக்கிட்டா, அதுக்குப் பொறக்கிறதெல்லாம் உடுத்திக்கிட்டே பொறக்கும். நான் தெம்பா இருந்தா உன் வீட்டுக்காரியை நடக்க வைக்கிறது என் பொறுப்பு."

சொல்லி முடிப்பதற்குள் சாத்தையன் கண்மாய்க்கரையில் பாதி தூரம் போயிருந்தான்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாவல் மரத்தடியில் பழம் உதிர்ந்து மண் ஊதாவாகக் கிடந்தது. அந்த மரம் மெதுவாகத்தான் பேசும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பழம் விழும்.

"என்கிட்ட இருக்கிறது வெறும் நெறம் இல்லை" என்றது மரம். "ஒவ்வொரு நாளும் வெயிலோட சண்டை போட்டுச் சேர்த்தது. எந்த உடம்புக்குள்ள போனாலும் அது அங்கேயும் சண்டை போடும். தர்றேன். ஆனா இதைத் தோய்க்கக் கூடாது, தீட்டணும். ரெண்டு தரம் தீட்டணும். முதல் தரம் தோல்ல ஒட்டும். ரெண்டாம் தரம்தான் உள்ளுக்குள்ள இறங்கும். நடுவுல காயவிடு. காயற வரைக்கும்..."

ஒரு பழம் விழுந்தது.

"...பக்கத்துலயே உக்காந்திரு."

அந்தக் கடைசிச் சொல் விழும்போது சாத்தையன் கிளையில் ஏறியிருந்தான். கறுத்த பழங்களோடு பாதி பழுத்துச் சிவந்திருந்தவற்றையும் சேர்த்து உலுக்கினான்.

"அது இன்னும் பழுக்கலை. கொஞ்சம் பொறேன்" என்றது மரம்.

"பொறுத்தா வீக்கம் பொறுக்குமா?"

மரம் பெருமூச்சு விட்டது. "சரி, கொண்டு போ. சிவப்புலயும் மருந்து இருக்கு. உன் அவசரமும் அதுல இருக்கும்."

வீட்டுக்கு வந்து பழத்தைப் பிசைந்து சாறு எடுத்தான். கறுப்பு ஒரு பானையில், சிவப்பு ஒரு பானையில். விதைக்கு வைத்திருந்த அரிசியைப் பாயில் கொட்டினான். தாழை வேரை நசுக்கிச் செய்த தூரிகையை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே, ஒரு பாய்க்குச் சிவப்பும் ஒரு பாய்க்குக் கறுப்புமாகத் தீட்டினான். அவன் கைக்கு வேகம் மட்டும் இல்லை, நேர்த்தியும் உண்டு. ஒவ்வொரு மணியும் மினுங்கியது. கதவு வழியாக மருதாயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்கே! ஒரு புடி கொண்டாங்க, பாக்கறேன்."

இரண்டு பாயிலிருந்தும் கலந்து ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டான். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை.

அவன் முற்றத்தில் பாயைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். சாயம் காயவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. தன் துண்டு வயலை உழுது வைக்க வேண்டும், மழை முந்திக்கொண்டால் விதைப்பு தள்ளிப்போகும். உட்கார்ந்து காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? அவனால் ஆகிற காரியமா அது? ஏரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு காலை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, தலையை மட்டும் திருப்பினான்.

"மதினி, இது காஞ்சதும் இன்னொரு தரம் தீட்டி வைங்க."

ஒச்சம்மா அரிசியைப் பார்த்தாள். "இதையா? தீட்டவா?"

"ஆமா, இதைத்தான். நல்லா அழுத்தித் தீட்டுங்க. ஒரு மணி விடாம."

"ஏங்க, நின்னு வெவரமாச் சொல்லிட்டுப் போங்க" என்றாள் மருதாயி உள்ளேயிருந்து.

"அதான் சொல்லிட்டேனே!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

மூடி வைத்திருந்த சாறுப் பானைகளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. தீட்டு என்றால் தூரிகையும் சாயமும்தான். சாயக்காரனுக்கு அதை விளக்கிச் சொல்லத் தோன்றாது.

ஒச்சம்மா பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, தீட்டு என்றால் உரலும் உலக்கையும்தான். கதிரில் வெறும் மேலாக நின்ற அரிசியில் தூசியும் பூச்சிக் கறையும் ஒட்டியிருக்கும். அதை உரலில் போட்டு, இடிக்காமல், உலக்கையால் தேய்த்துத் தேய்த்துக் கறையை எடுப்பார்கள். அதற்குப் பெயர் தீட்டுவது. ஒச்சம்மா தீட்டின அரிசி என்றால் அந்தப் பக்கத்தில் பேச்சு உண்டு. அவள் பாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சாயக்காரன் வீட்டில் அரிசி மேலும் சாயத்தைச் சிந்தி வைத்திருக்கிறார்கள். அதுதான் போகிற போக்கில் அழுத்தித் தீட்டச் சொல்கிறார்.

அரிசி காய்ந்தது. ஒச்சம்மா முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

பொழுது சாய்ந்து சாத்தையன் திரும்பி வந்தபோது, முற்றத்தில் ஒரு கூடை நிறைய வெள்ளை வெளேரென்று அரிசி இருந்தது. பக்கத்தில் கருஞ்சிவப்பாகத் தவிடு குவிந்து கிடந்தது.

"என்ன மதினி இது?"

"என்னவா? தோள் ரெண்டும் கழண்டு போச்சு. பாருங்க, மல்லிகை மொட்டாட்டம் இருக்கா இல்லையா?"

"சாயம் எங்க?"

"லேசுல போகுதா அது? நீங்க சொன்னாப்புல அழுத்திப் பிடிச்சுத்தான் எடுத்தேன். ஒரு மணி விடலை."

"தீட்டச் சொன்னேனே!"

"தீட்டித்தானே வச்சிருக்கேன்!"

"நான் சொன்னது சாயம் தீட்டறது மதினி! சாயம்!"

ஒச்சம்மாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. "அப்படின்னு சொல்றதுக்கென்ன? ஒத்தைக் காலைத் தெருவுல வச்சுக்கிட்டு தீட்டு தீட்டுன்னா எந்தத் தீட்டுன்னு நான் கண்டேன்? கத்தியைத் தீட்டறதா, அரிசியைத் தீட்டறதா, வீட்டுக்குத் தூரமாகற தீட்டா? நின்னு நாலு வார்த்தை பேசினா உங்க வாய் தேஞ்சா போகும்?"

அவன் பானைகளைத் திறந்து பார்த்தான். அன்றைய வெக்கையில் சாறு நுரைத்துப் புளித்துப் போயிருந்தது. அதில் தூரிகையை முக்கித் தன் கையிலேயே தடவிப் பார்த்தான். ஒட்டவில்லை. மறுபடியும் கண்மாய்க்கரைக்கு ஓடினான். அவன் உலுக்கியதும் காற்று உதிர்த்ததும் போக மிச்சத்தை வௌவால்களும் கிளிகளும் முடித்துவிட்டிருந்தன.

"இனி அடுத்த ஆடிதான்" என்றது மரம்.

"அதுவரைக்கும் அவ இருக்க மாட்டா."

"உக்காருன்னு சொன்னேன்" என்றது மரம். அதற்கு மேல் ஒரு பழம்கூட விழவில்லை.

அதன் பிறகு சாத்தையன் வீட்டில் தங்குவதையே விட்டுவிட்டான். கரையில் நடந்தான், களத்தில் நடந்தான், ஊரைச் சுற்றி நடந்தான். நடக்க முடியாத அவள் படுத்திருக்க, அவன் இருவருக்கும் சேர்த்து நடந்தான். ஒச்சம்மா அவன் முகத்தில் விழிப்பதில்லை. குவிந்து கிடந்த தவிட்டை, கண்ணில் பட்டால் மனசு எரிகிறது என்று, நாளுக்கு ஒரு கை அள்ளி அந்த நொண்டிக் கோழியின் முன்னால் போட்டுவந்தாள்.

ஒரு நாள் காலை அவன் செம்புத் தண்ணீருக்காக உள்ளே வந்தபோது, காலில் ஏதோ கொத்தியது. குனிந்து பார்த்தான். கோழி நின்றுகொண்டிருந்தது.

"என்ன பாக்கிறே? ஒரு சீவன் ரெண்டு கால்ல நிக்கிறதை நீ பாத்ததே இல்லையா?" என்றது கோழி.

"நீ... எப்படி எந்திரிச்சே?"

"எல்லாரும் உங்களை மாதிரி வெள்ளையை வச்சுக்கிட்டு நல்லதைக் கொட்டிருவாங்களா? அந்தத் தவிட்டைத்தான் தின்னேன். தின்னத் தின்னக் காலுல எறும்பு ஊருச்சு, அப்புறம் தரை தெரிஞ்சுச்சு, அப்புறம் எந்திரிச்சேன். இன்னும் இருந்தா போடு. பேசிக்கிட்டே நிக்காதே."

அவன் பேசிக்கொண்டு நிற்கவில்லை. கோழியின் முன்னாலிருந்து தவிட்டை வழித்து எடுத்தான். கோழி கூச்சல் போட்டது. ஒச்சம்மா ஓடிவந்தாள், கோழியின் காலைப் பார்த்தாள், தவிட்டைப் பார்த்தாள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பிசைந்து தங்கை வாயில் ஊட்டினாள். ஊட்டும்போது அவள் அழுதாள். "என் கையாலதான் உரிச்சேன், என் கையாலயே தின்னு" என்றாள்.

மருதாயிக்கு வீக்கம் வடியவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. தவிட்டுக் குவியல் மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வந்தது.

மழை பெய்து விதைக்கிற நாள் வந்தது. வெள்ளை அரிசிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சாத்தையன் புறப்பட்டான். வேறு விதை அவனிடம் இல்லை. அப்போது மருதாயி கூப்பிட்டாள். சேலை முந்தியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி அரிசி, சிவப்பும் கறுப்புமாக.

"இது ஏது?"

"அன்னிக்கு மடியில கொட்டிட்டுப் போனீங்களே, அது. தீட்டறதுக்கு அக்கா கேட்டா. குடுக்கலை."

"தீட்டுன்னு நான் சொன்னது உனக்குப் புரிஞ்சிருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லை. நீங்க பக்கத்துல உக்கார மாட்டேங்கிறீங்க. உங்க கை பட்டது ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருக்கட்டுமேன்னு முடிஞ்சு வச்சுக்கிட்டேன்."

அவன் அந்த அரிசியை வாங்கிக்கொண்டான். ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். கண் முற்றத்துக்குப் போய்விட்டது, காலும் அதன் பின்னால் போய்விட்டது.

இரண்டாம் தரம் தீட்டச் சாறு இல்லை. ஒரு தரம் தீட்டியதை அப்படியே வயலின் ஈசானி மூலையில் விதைத்தான். மற்ற இடமெல்லாம் வெள்ளை. பயிர் முளைத்து, கதிர் வெளிவருகிற பருவத்தில், வரப்பில் நடந்துகொண்டிருந்தவனை நெல் மறுபடியும் கூப்பிட்டது. இந்தத் தடவை அதன் குரல் சொரசொரவென்று இருந்தது.

"ஒரு கையால உடுத்தி விட்டு மறு கையால உரிச்சுட்டியேடா."

"நான் உரிக்கலை. தப்பாப் போச்சு. ஒரு வார்த்தை..."

"வார்த்தையை யாரு பாதியில போட்டுட்டு ஓடினது? இனி உன்னை நம்பி வெளியில நிக்க மாட்டேன். எனக்கு நானே சட்டை தச்சுக்கறேன். உள்ளே நான் வெள்ளையா, சிவப்பா, கறுப்பான்னு வெளியேருந்து ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. பொறுமையா உரிச்சுப் பாக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"சரி. அவளைக் காப்பாத்து. அது போதும்."

"அவளுக்குத் தர்றேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்க. உன் வேகத்துக்கு நான் வேகமாட்டேன்."

அவனுக்கு அது அப்போது விளங்கவில்லை.

அறுப்புக்கு முன்னாலேயே தவிடு தீர்ந்துவிட்டது. வீக்கம் மறுபடியும் நகர ஆரம்பித்தது. முழங்காலைத் தாண்டித் தொடைக்கு வந்தது. பேசும்போது மருதாயிக்கு மூச்சு இழுத்தது. ஒச்சம்மா அரிவாளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "பச்சையா இருந்தாலும் பரவாயில்லை, அந்த மூலையை அறுத்துட்டு வாங்க."

வயலுக்குப் போனவன் திகைத்து நின்றான். வயல் முழுக்க ஒரே நிறம். ஒவ்வொரு மணியும் பொன் நிறத்தில் முரட்டுச் சட்டை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஈசானி மூலையும் மற்ற இடமும் ஒன்றுபோலவே இருந்தன. சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே? எல்லாம் வெள்ளையாகவே போய்விட்டதா? ஒரு கதிரை இழுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். சுணை குத்தியது. சட்டை விடவில்லை. இன்னும் பதறிக் கசக்கினான். விடவில்லை. பிறகு ஒரே ஒரு மணியை எடுத்து, நகத்தால் நுனியைக் கிள்ளி, மெதுவாகப் பிரித்தான்.

உள்ளே கறுப்பு. அடுத்த மணியில் சிவப்பு.

அந்த மூலையை அறுத்துக் கட்டி, வீட்டு முற்றத்தில் போட்டுக் கதிரை உதிர்த்தார்கள். ஒரு பங்கை விதைக்கென்று ஒதுக்கினார்கள். ஒச்சம்மா மிச்சத்தை உரலில் போட்டாள், உலக்கையைப் பிடித்தாள், இடிக்காமல் நின்றாள்.

"தம்பி, இப்பச் சொல்லுங்க. குத்தவா, தீட்டவா?"

"குத்துங்க மதினி. மேல இருக்கிற சட்டை மட்டும் போகட்டும். தோல் இருக்கணும்."

"நின்னுக்கிட்டுச் சொல்றீங்களா, ஓடிக்கிட்டுச் சொல்றீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் சொல்றேன் மதினி."

"ரெண்டு காலும் உள்ள இருக்கா?"

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "இருக்கு."

மருதாயி மூச்சு இழுப்பதற்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

பானையை அடுப்பில் ஏற்றினார்கள். ஒச்சம்மா விறகு பொறுக்கப் போனாள். தண்ணீர் கொதித்தது. அவன் ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தான். கல். ஊதினான், நெருப்பைத் தூண்டினான், அகப்பையால் கிண்டினான். வாசலுக்குப் போனான், வந்து பார்த்தான். கல். தொட்டி வரைக்கும் போனான், வந்து பார்த்தான். அப்போதும் கல்லாகவே இருந்தது. பானையிலிருந்து தண்ணீர் மட்டும் ஊதாவாகப் பொங்கி வழிந்தது.

"ஏன் வேகமாட்டேங்கிறே?" என்று பானையைப் பார்த்துக் கத்தினான். "அவ மூச்சு இழுக்கறது உனக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேக்குது" என்றது பானைக்குள்ளிருந்து நெல். "உனக்குக் கேக்குதா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

அவள் பக்கத்து மூலையில்தான் படுத்திருந்தாள். மூச்சு மேலே ஏறுவதும், ஏறின இடத்தில் தயங்குவதும், இறங்குவதுமாக இருந்தது. எத்தனையோ நாளாக அவன் ஓடி ஓடிக் கேட்காமல் இருந்த சத்தம் அது. அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அவன் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சாயக் கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே மெல்ல அமுக்கினான். குழி விழுந்தது. அது மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். மறையவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் போல உடம்பு முழுக்கத் துடித்தது. ஓடவில்லை.

"வலிக்குதா?"

"தொட்டதே தெரியலை. ஆனா தொட்டுக்கிட்டே இருங்க."

"எனக்குப் பயமா இருக்கு மருதாயி."

"தெரியும். அதான் ஓடுறீங்க."

விறகு எரிந்தது. பானை முணுமுணுத்தது. அவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது. சுமையோடு வாசலில் வந்து நின்ற ஒச்சம்மா, சாத்தையன் தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, விறகைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தாள். அப்போதுதான் பானையிலிருந்து ஒரு மணம் வந்தது. வெள்ளை அரிசிக்கு இல்லாத மணம். மழை பெய்த மண்ணும் வறுத்த பயறும் கலந்த மாதிரி. மணிகள் வெடித்து மலர்ந்திருந்தன. பானைத் தண்ணீர் நாவல் சாற்றின் நிறத்தில் இருந்தது. ஒச்சம்மா அதை வடித்துக் கொட்டப் போனாள். "கொட்டாதீங்க மதினி, அதுலயும் அது இருக்கு" என்றான் சாத்தையன். உட்கார்ந்தபடியேதான் சொன்னான். கஞ்சியும் பருக்கையுமாக மருதாயிக்கு அவனே ஊட்டினான்.

அன்றே அவள் எழுந்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். தினமும் அவன் அடுப்படியில் காத்துக்கிடந்தான், தினமும் அவள் உண்டாள். மூச்சு முதலில் தணிந்தது. வீக்கம் வந்த வழியே இறங்கியது. ஒரு நாள் அவன் விரல் அமுக்கிய குழி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே வந்தது. இன்னொரு நாள் காலில் எறும்பு ஊர்கிறது என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். அடுத்த ஆடியில் அவர்கள் இருவரும் கண்மாய்க்கரைக்கு நடந்து போனார்கள். அவள் நடைக்குத் தக்கபடி அவன் நடந்தான். கோழியும் பின்னாலேயே போனது. நாவல் மரம் ஒரு பழத்தை மட்டும் போட்டது.

ஊரில் மற்றவர்கள் வெள்ளை நெல்லைத்தான் அதிகம் விதைத்தார்கள். அது சீக்கிரம் வெந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. சிவப்பும் கறுப்பும் அங்கங்கே ஒரு மூலையில் நின்றன. இரண்டாம் தரம் தீட்டாமல் போனதால் அவற்றின் நிறமும் மருந்தும் இன்றைக்கும் தோலோடு நிற்கின்றன, உள்ளே இறங்கவே இல்லை. தீட்டினால் போய்விடும்.

அன்று முதல்தான் நெல் என்ன நிறமானாலும் உமிக்குள் ஒளிந்துகொண்டு பிறக்கிறது. அன்று முதல்தான் கறுப்பரிசி ஏற்றிய அடுப்புக்குப் பக்கத்தில், எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும், யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டியிருக்கிறது.